ரீஃப் டேங்கில் பவளம் வளரவில்லையா? பாட்டிலை மூடுங்கள், நோட்டைத் திறங்கள்!

இரவு 10 மணி. ஆபீஸிலிருந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் கண்ணாடித் தொட்டியின் முன் போய் நிற்கிறார். உள்ளே நீல வெளிச்சம். கோமாளி மீன்கள் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் மூன்று மாதங்களுக்கு முன்பு கல்லில் ஒட்டவைத்த பவளத் துண்டு? போனில் இருக்கும் பழைய போட்டோவையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

நண்பருக்கு போன் போகிறது. "கால்சியம் பாட்டில் ஒண்ணு வாங்கி ஊத்துடா, சும்மா ஜம்முனு வளரும்" என்கிறார் அவர். மறுநாளே பாட்டில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஹீட்டர் மீதும் மோட்டார் மீதும் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது. பவளம் மட்டும் அப்படியே நிற்கிறது.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் கதை பழக்கமானதுதான். 'என் பவளத்துக்கு என்ன குறைகிறது?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வியே தப்பு. பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளில் பிரச்சினை குறைபாடு அல்ல, ஏற்ற இறக்கம். ஒரு நாள் இருக்கும் உப்பளவு மறுநாள் இல்லை. காலையில் இருந்த வெப்பம் மதியம் இல்லை. அதைச் சரிசெய்யாமல் ஊற்றும் ஒவ்வொரு பாட்டிலும், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் தொட்டியை இன்னும் கொஞ்சம் ஆட்டிவிடுகிறது.

எவ்வளவு வளர்ந்தால் வளர்ச்சி?

பவளம் செடியும் அல்ல, கல்லும் அல்ல. அது ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தை வைத்து உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. அந்தச் சக்தியை வைத்துத்தான் கடினப் பவளங்கள் கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து எலும்புக்கூடு கட்டுகின்றன.

இந்தக் கட்டுமானத்துக்கு அவசரமே கிடையாது. பாறை போல உருண்டு நிற்கும் போரைட்டீஸ் வகை, கடலிலேயே ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும். கிளை கிளையாகப் பிரியும் அக்ரோபோரா வகைகள் நல்ல சூழல் கிடைத்தால் ஆண்டுக்கு 10 செ.மீ.கூடத் தாண்டும். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்து 'என்னுடையது வளரவே இல்லை' என்று புலம்புவது நியாயமில்லை.

இன்னொன்றும் உண்டு. ஃபிராக் எனப்படும் புதிய துண்டு, முதலில் மேலே வளராது. அடிப்பக்கம் பரவி, கல்லைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் உயரும். முதல் சில மாதங்கள் அதற்குக் குடிபுகும் காலம். அந்த நேரத்தில் 'இடம் சரியில்லையோ' என்று வாரம் ஒருமுறை பிடுங்கி வேறு கல்லில் வைத்தால், அது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால் மாதம் ஒரு போட்டோ போதும். அதே தேதி, அதே கோணம், அதே வெளிச்சம். கண் ஏமாற்றும், படம் ஏமாற்றாது.

எந்தப் பவளம்? எங்கிருந்து வந்தது?

தண்ணீரைச் சோதிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. இந்தியாவில் வசிப்பவர்களுக்கு இது சட்டக் கேள்வியும்கூட.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் பவளப்பாறைகளைக் கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001-ல் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் உண்டு. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றங்களுக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அலங்காரத்துக்கு என்று விற்கப்படும் காய்ந்த பவளமும் இந்தச் சட்டத்திலிருந்து தப்பாது. சர்வதேச அளவில் சைட்ஸ் ஒப்பந்தமும் கடினப் பவள வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. "இது இம்போர்ட் சார், ஒண்ணும் ஆகாது" என்று கடைக்காரர் சொல்வது ஆவணம் ஆகிவிடாது. எந்த வகையாக இருந்தாலும் ரசீது, இறக்குமதி அனுமதி இரண்டையும் கேட்க வேண்டும். காட்டத் தயங்குகிறார் என்றால் நடையைக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

கடினப் பவளம் வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கும் 'எந்தப் பவளம்' என்ற கேள்வி முக்கியம். காரணம் எளிது. சோவாந்திட், மஷ்ரூம் போன்ற வகைகள் கல் எலும்புக்கூடு கட்டுவதே இல்லை. லெதர் வகை மென்பவளங்கள் திசுவுக்குள் சிறு சுண்ணாம்புத் துகள்களை மட்டுமே வைத்திருக்கும். இவை மட்டுமே இருக்கும் தொட்டியில் தினமும் கால்சியம் ஊற்றுவது, வீடு கட்டாதவர் வாசலில் லாரி லாரியாகச் சிமென்ட் இறக்குவது மாதிரி. மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே இந்த வகைகளுக்கு வேண்டியது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கால்சியத்தைப் பார்க்காதீர்கள், ஆல்கலினிட்டியைப் பாருங்கள்

கடினப் பவளத் தொட்டிகளில் நடக்கும் மிகப் பொதுவான தவறு இதுதான். வளரவில்லை என்றதும் கால்சியம் டெஸ்ட் செய்கிறார்கள். 410 பி.பி.எம். என்று வருகிறது. 'எல்லாம் நார்மல்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். பவளம் எலும்புக்கூடு கட்டும்போது ஆல்கலினிட்டியில் 1 டி.கே.எச். குறைந்தால், கால்சியம் சுமார் 7 பி.பி.எம். மட்டுமே குறைகிறது. ஆல்கலினிட்டி 9-லிருந்து 6-க்கு விழுந்த தொட்டியில்கூட கால்சியம் 430-லிருந்து 409-க்குத்தான் இறங்கியிருக்கும். வீட்டு டெஸ்ட் கிட்டில் அந்த வித்தியாசம் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. யாருக்கும் உறைக்காது. ஆனால் பவளத்துக்கு அங்கே கட்டுமானப் பொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது.

இயற்கைக் கடல்நீரில் ஆல்கலினிட்டி சுமார் 7 டி.கே.எச். வீட்டுத் தொட்டிகளில் 7 முதல் 9 வரை எந்த எண்ணும் சரிதான். 8 நல்லதா, 9 நல்லதா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்பதுதான் முக்கியம். திங்கள்கிழமை 7, ஞாயிறு 10 என்று ஆடும் தொட்டியைவிட, எப்போதும் 7.5-ல் நிற்கும் தொட்டியில் பவளம் நிம்மதியாக வளரும். குறைந்துவிட்டது என்றாலும் ஒரே நாளில் ஏற்றக் கூடாது. நாளுக்கு அரை டி.கே.எச். போதும்.

மக்னீசியம் 1,250 முதல் 1,350 பி.பி.எம். வரை இருக்க வேண்டும். அது குறைந்தால் கால்சியமும் கார்பனேட்டும் பவளத்துக்குப் போகாமல் தாமாகவே சேர்ந்து வெளியே படிந்துவிடும். ஹீட்டர் மீது வெள்ளையாக ஒட்டுவது பெரும்பாலும் இதுதான், அல்லது அளவுக்கு மீறி ஊற்றியதன் விளைவு. பவளத்துக்காகக் கொடுத்த காசு ஹீட்டரில் போய் ஒட்டிக்கொள்கிறது!

ஆவியாவது தண்ணீர், உப்பு அல்ல

அடுத்தது உப்பளவு. 35 பி.பி.டி., அதாவது அடர்த்தி அளவில் சுமார் 1.026 என்பது கடலின் கணக்கு. மூடியில்லாத 200 லிட்டர் தொட்டியிலிருந்து நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகிறது என்று கொண்டால், நீண்ட வார இறுதிக்கு ஊருக்குப் போய்விட்டு நான்கு நாள் கழித்துத் திரும்பும்போது 12 லிட்டர் குறைந்திருக்கும். உப்பு எங்கும் போகாது. 35 இருந்த இடத்தில் 37 தாண்டியிருக்கும். வந்த வேகத்தில் 12 லிட்டர் நன்னீரை மொத்தமாக ஊற்றினால் அது இரண்டாவது அடி.

குறையும் தண்ணீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-அப் கருவி, எந்த வளர்ச்சி பாட்டிலைவிடவும் உருப்படியான செலவு. நிரப்புவது நன்னீர்தான், உப்புநீர் அல்ல. புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் இது.

அந்த நன்னீர் எது? 'வீட்டில்தான் ஆர்.ஓ. இருக்கே' என்பார்கள். குடிநீருக்கான பல ஆர்.ஓ. இயந்திரங்களில் சுவைக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரைத் திரும்பக் கலக்கும் அமைப்பு இருக்கிறது. அதனால் டி.டி.எஸ். 50, 80 என்று வரும். குடிப்பதற்கு அது நல்லது. தொட்டிக்கு அல்ல. அதில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று தெரியாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக அது தொட்டியிலேயே சேர்ந்துகொண்டே போகும். ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. வடிகட்டியும் சேர்த்து, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீர்தான் தேவை.

வெப்பமும் இதே கதைதான். 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் நல்லது. நம் ஊர் மே மாதத்தில் இரவு முழுக்க ஏசி, பகல் முழுக்கப் பூட்டிய வீடு என்றால் தொட்டி தினமும் ஏறி இறங்கும். விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் ஆவியாவது கூடும், உப்பு ஏறும். சில்லர் வாங்கப் பணம் இல்லை என்றால் பவளம் வாங்குவதைத் தள்ளிப்போடுவதுதான் நேர்மை. கசப்பாக இருந்தாலும் இதைக் கடைக்காரர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

தண்ணீர் 'ரொம்ப சுத்தம்' என்றால்?

நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். பலரும் பெருமையாகக் காட்டும் ரிசல்ட் இது. பவளத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது பட்டினி. உள்ளே குடியிருக்கும் பாசிகளுக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் வேண்டும். இரண்டும் அறவே இல்லாத தொட்டியில் பவளம் வெளிறும், நிறம் மங்கும், வளர்ச்சி நிற்கும். ஆல்கலினிட்டியும் உயரமாக இருந்தால் கிளை நுனி வெந்தது போலத் திசு இழப்பதும் உண்டு.

மறுபக்கம், பாஸ்பேட் அளவுக்கு மீறினால் சுண்ணாம்புப் படிகம் உருவாவதையே அது தடுக்கும், பாசியும் மண்டும். நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். என்பது பலரும் பின்பற்றும் நடுவழி. பூஜ்யம் வந்தால் முதலில் மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தீனி போட்டுப் பார்க்கலாம், வடிகட்டும் வேகத்தைக் குறைக்கலாம். அதற்கும் ஒரு பாட்டில் கடையில் இருக்கிறது. அவசரம் வேண்டாம்.

வெளிச்சம், அலை, மூடிய அறை

வெளிச்சத்தில் கண்ணை நம்ப முடியாது. நீல எல்.இ.டி. நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், பவளத்துக்கு அது கொளுத்தும் வெயிலாக இருக்கலாம். பார் மீட்டர் என்ற கருவி உண்மையைச் சொல்லும். மென்பவளங்களுக்கு 50 முதல் 150, கிளைவிடும் கடினப் பவளங்களுக்கு 200 முதல் 350 என்பது தோராயக் கணக்கு. மீட்டர் விலை ஜாஸ்தி, ஆனால் வாழ்க்கையில் ஒருமுறை அளந்தால் போதும். நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வட்டமாகச் சுற்றவிடலாம். புது விளக்கு மாட்டினால் பாதி வெளிச்சத்தில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும்.

நீரோட்டம் இல்லாவிட்டாலும் பவளத்துக்கு உணவும் கார்பனேட்டும் போய்ச் சேராது. ஒரே பக்கமாகப் பீய்ச்சி அடிப்பதைவிட, திசை மாறி மாறி வரும் அலைதான் நல்லது.

பலர் யோசிக்காத ஒன்று, அறைக் காற்று. கதவு, ஜன்னல் எல்லாம் மூடி, ஏசி போட்டு இரண்டு பேர் தூங்கும் படுக்கையறையில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு ஏறிவிடும். அது தொட்டி நீரில் கரையும். பி.எச். இறங்கும். எலும்புக்கூடு கட்டுவது பவளத்துக்குக் கூடுதல் சுமையாகும். காலையில் பி.எச். 7.8-க்குக் கீழே என்றால் பாட்டிலைத் தேடும் முன் ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டும். காசே செலவில்லாத வைத்தியம்.

சுண்ணாம்புத் தெளிநீர் ஊற்றுவதும் பழைய, நல்ல முறைதான். கால்சியம், ஆல்கலினிட்டி இரண்டையும் தரும், பி.எச்.சும் உயரும். ஆனால் அதன் பி.எச். 12-க்கு மேல். சொட்டுச் சொட்டாக மட்டுமே இறங்க வேண்டும். சுத்தம் உறுதியான கால்சியம் ஹைட்ராக்சைடுதான் வேண்டும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு வேலைக்கு ஆகாது.

அப்படியானால் பாட்டிலே வேண்டாமா?

'பெரிய தொட்டிக்காரர்கள் எல்லாம் தினமும் டோசிங் பண்றாங்களே' என்ற கேள்வி நியாயமானது. கடினப் பவளம் நிறைந்த தொட்டி தினமும் கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் உறிஞ்சும். தண்ணீர் மாற்றுவது மட்டும் அங்கே போதாது. டோசிங் கட்டாயம் தேவை. ஆனால் அவர்கள் எவ்வளவு குறைகிறது என்று அளந்து, அதே அளவைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இரண்டே துண்டு இருக்கும் தொட்டிக்காரர் லேபிளைப் பார்த்து ஊற்றுகிறார். பாட்டில் ஒன்றுதான், முறை வேறு.

வளர்ச்சி நின்றுவிட்டது என்று தோன்றினால் செய்ய வேண்டிய வரிசை இது:

1. இரண்டு வாரம் எதையும் மாற்றக் கூடாது, எதையும் நகர்த்தக் கூடாது.

2. தினமும் ஒரே நேரத்தில் வெப்பம், உப்பளவு, ஆல்கலினிட்டி மூன்றையும் அளந்து நோட்டில் எழுத வேண்டும். உப்பளவு பார்க்கும் கருவியை அதற்கான 35 பி.பி.டி. திரவத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். டெஸ்ட் கிட்டின் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும்.

3. வாரம் ஒருமுறை கால்சியம், மக்னீசியம், நைட்ரேட், பாஸ்பேட்.

4. இரவில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பவளத்தைக் கொறிக்கும் புழு, நத்தை, மீன் எதுவும் உண்டா? பக்கத்துப் பவளம் இரவில் நீட்டும் கொட்டும் இழைகள் இதைத் தொடுகின்றனவா? லெதர் வகைகள் தண்ணீரில் ரசாயனம் விட்டே மற்றவற்றை அடக்கும். அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் உதவும்.

5. இரண்டு வாரத்துக்குப் பிறகு நோட்டில் அதிகம் ஆடும் எண் எதுவோ, அதை மட்டும் சரிசெய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். அதன் பலனைப் பார்க்கக் குறைந்தது ஒரு மாதம்.

மூன்றை ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் எது சரிசெய்தது என்று தெரியாது. கெட்டாலும் எது கெடுத்தது என்று தெரியாது. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தொட்டிக்கு வெளியே

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் பயோஸ்பியர் 2 என்ற ஆய்வுக்கூடம் உண்டு. அங்கே கண்ணாடிக் கூரைக்குள் அமைக்கப்பட்ட பிரம்மாண்டமான செயற்கைக் கடலில், 1990-களில் கிறிஸ் லாங்டன் என்ற விஞ்ஞானியின் குழு பவளங்களை ஆராய்ந்தது. தண்ணீரில் கார்பனேட் குறையக் குறைய, பவளம் கட்டும் வேகமும் குறைந்தது. மூடிய படுக்கையறைத் தொட்டியில் நடப்பது அதே வேதியியல்தான். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடக் கூட, உலகக் கடல்களிலும் அதே வேதியியல்தான் நடக்கிறது.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் வெட்டி எடுக்கப்பட்டவை அவை. பிறகு 2010-லும் 2016-லும் கடல் சூடாகி வெளிறின. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலான வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் உள்ளிருக்கும் பாசிகளை வெளியேற்றத் தொடங்கிவிடும். வீட்டில் சில்லர் பழுதான ஒரு வாரத்தில் தன் பவளம் வெளிறியதைப் பார்த்தவருக்கு, அந்தச் செய்தி வெறும் செய்தியாக இருக்காது.

அங்கே சில்லர் கிடையாது. உடைந்து போன ஒரு பாறை மீண்டும் எழ ஆண்டுகள் ஆகும். அந்த இடத்திலிருந்து திருடி வந்த துண்டை வீட்டில் வைத்துக்கொண்டு 'வளரவில்லையே' என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. முறையாக வந்த துண்டு என்றால், அதற்குத் தர வேண்டியது ஒரே மாதிரியான தண்ணீரும் சில மாத அவகாசமும்தான். இன்றிரவு தொட்டியின் முன் நிற்பவர் செய்ய வேண்டியது இவ்வளவே: ஷாப்பிங் ஆப்பை மூடிவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, முதல் வரியில் இன்றைய தேதியையும் ஆல்கலினிட்டியையும் எழுதி வைப்பது.